முன்பணச் சாப்பாடு லாபமா? ஓசூர் கேன்டீன் டோக்கன் சொல்லும் கதை

பள்ளிக்கூட லீவு விட்டால் போதும். ஓசூரில் இருந்து பெங்களூரைத் தாண்டி, மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் இருக்கும் வொண்டர்லாவுக்கு வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பூங்கா 2005-ல் திறக்கப்பட்டது. 2012-ல் தங்கும் விடுதியும் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கிளம்பும் எல்லா வீட்டிலும் ஒரு சின்ன விவாதம் நடக்கும். டிக்கெட்டோடு சாப்பாட்டுக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்டிவிடலாமா, இல்லை அங்கே போய்ப் பசிக்கும்போது வாங்கிக்கொள்ளலாமா?

"கையில் காசு, வாயில் தோசை" என்று ஒரு பேச்சு உண்டு. முன்பணச் சாப்பாட்டில் அது தலைகீழாகிறது. காசு முதலில் போய்விடும், தோசை எப்போது வரும், எப்படி வரும் என்பது பின்னால்தான் தெரியும். அப்படியிருந்தும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சுற்றுலா விடுதிகளில் மட்டுமல்ல, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மணி அடித்ததும் கேன்டீன் வரிசையில் நிற்கும் தொழிலாளியும் இதே கணக்குக்குள்தான் நிற்கிறார். உண்மையில் இந்த இரண்டு சாப்பாடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால், லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு விடை தெளிவாகக் கிடைக்கிறது. அந்த விடை இன்னொரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது: சாப்பிடாமல் விட்ட சாப்பாடு யாருக்குச் சொந்தம்?

விடுதிச் சாப்பாட்டின் தொடக்கம்

பில்லி பட்லின் என்பவர் இங்கிலாந்தில் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் 1936-ல் ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். தங்குமிடம், தினமும் மூன்று வேளைச் சாப்பாடு, விளையாட்டு, பாட்டு, கூத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். சீசனைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை. ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதுதான் அவருடைய விளம்பரம். 1938-ல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் பிரிட்டனில் வந்ததும் இந்த வியாபாரம் இன்னும் சூடுபிடித்தது.

வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பங்கள். கையில் இருப்பது அளவான பணம். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் பர்ஸைத் தடவிப் பார்க்க வேண்டிய நிலை. அவர்களுக்கு 'இதற்கு மேல் செலவு இல்லை' என்ற நிம்மதிதான் பெரிய சலுகை. ஆக, ரிசார்ட்டின் முன்பணச் சாப்பாடு பரவியதே பணக்காரர்களுக்காக அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளிக்காகத்தான்!

1950-ல் ஜெரார்ட் பிளிட்ஸ் தொடங்கிய கிளப் மெடிட்டரேனி இதையே ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுபோனது. சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கியது. பாரில் குடிப்பதற்கு மட்டும் பணத்துக்குப் பதிலாக மணிகள். கழுத்தில் மாலை போலப் போட்டிருக்கும் மணிகளைக் கழற்றிக் கொடுத்தால் பானம் கிடைக்கும். பணம் கண்ணில் படாததால் செலவு செய்வது தெரியாது.

அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்த சில மாதங்களிலேயே சவாரிகளுக்குக் கூப்பன் புத்தகம் விற்க ஆரம்பித்தது. முதலில் ஏ, பி, சி என்று மூன்று வகை. பிறகு டி வந்தது, 1959-ல் ஈ வந்தது. ஈ கூப்பனில்தான் சிறந்த சவாரிகள். அது முதலில் தீர்ந்துவிடும், ஏ கூப்பன்கள் மிஞ்சும். மிஞ்சியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை டிராயரில் போட்டு மறந்தவர்கள் ஏராளம். 1982-ல் இந்த முறை நிறுத்தப்பட்டது.

புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு 2005-ல் சாப்பாட்டுக்கே ஒரு முன்பணத் திட்டம் கொண்டுவந்தது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இத்தனை வேளை என்று கணக்கில் ஏறும். தங்கும் நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சம் எல்லாம் காலாவதி. கோவிட் காலத்தில் 2020-ல் நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. அங்கே போகிறவர்கள் நடத்தும் லாப நஷ்ட விவாதம் முழுவதும் அந்த நள்ளிரவைச் சுற்றித்தான். சாப்பிடாத சாப்பாடு அங்கே டிஸ்னிக்குச் சொந்தம்.

தொழிற்சாலைக்குள் வந்த சாப்பாடு

இதே காலத்தில் இன்னொரு பக்கம் தொழிற்சாலைக்குள்ளும் சாப்பாடு ஒரு பெரிய விஷயமாகிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. பிரிட்டனில் முதலாளிகள் கூலியைப் பணமாகத் தராமல், தங்கள் கடையிலேயே பொருளாக வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இருந்தது. விலையும் அவர்கள் வைத்ததுதான், தரமும் அவர்கள் கொடுத்ததுதான். இதைத் தடுக்க 1831-ல் ட்ரக் சட்டம் வந்தது. கூலி நாணயமாகத்தான் தரப்பட வேண்டும் என்றது அது.

இந்தியாவில் 1936-ன் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இந்த விஷயத்தில் முக்கியமானது. முதலாளி தரும் வசதிகளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். தொழிலாளி அந்த வசதியை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கும் தொகை அந்த வசதியின் மதிப்பைத் தாண்டக் கூடாது. படிக்கச் சாதாரணமாக இருக்கும் இந்த வரிகளுக்குள்தான் முன்பணச் சாப்பாட்டின் நியாயம் முழுவதும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. பசித்த வயிறோடு குண்டும் துப்பாக்கியும் செய்ய முடியாது என்பது அங்கே புரிந்திருந்தது. இந்தியாவில் 1944-ல் அமைக்கப்பட்ட ரேகே குழு தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1946-ல் அறிக்கை தந்தது. பிறகு வந்ததுதான் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் உள்ள தொழிற்சாலைகளில் கேன்டீனைக் கட்டாயமாக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. இங்கேயும் அதே 250!

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. கேன்டீன் லாபம் பார்க்கக் கூடாது. கட்டட வாடகை, தேய்மானம், பாத்திர பண்டங்கள் போன்ற செலவுகளைச் சாப்பாட்டு விலையில் ஏற்றக் கூடாது, அவை முதலாளியின் பொறுப்பு. 1976-ல் வந்த திருத்தம் இந்தக் கொள்கையைச் சட்டத்திலேயே சேர்த்தது. நிர்வாகம் நியமிப்பவர்களும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுப்பவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் ஒரு கேன்டீன் குழு வேண்டும். என்ன சமைப்பது, எந்த நேரம் போடுவது, தரம் எப்படி என்று அந்தக் குழுவைக் கலந்து பேச வேண்டும். கேன்டீன் கணக்கைத் தணிக்கை செய்து அந்தக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

சாப்பிடுகிறவனிடம் வரவு செலவுக் கணக்கைக் காட்டு என்கிறது சட்டம். எந்த ரிசார்ட்டாவது இப்படிக் காட்டுமா?

ஓசூர் டோக்கன்

1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. பின்தங்கிய பகுதி என்ற சலுகைகள், பக்கத்திலேயே பெங்களூர், குளிர்ந்த தட்பவெப்பம்... கம்பெனிகள் வர இவை போதுமான காரணங்களாக இருந்தன. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், சில ஆண்டுகளில் ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. பின்னால் 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது.

ராகி களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் இந்த ஆலைகளுக்குள் நுழைந்தபோது, மணிக்குச் சாப்பிடுவது என்ற பழக்கமும் சேர்ந்து வந்தது. பசிக்கும்போது அல்ல, மணி அடிக்கும்போது! தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. கேன்டீன் தட்டில் சோறு, சாம்பாரோடு சப்பாத்தியும் வந்துவிட்டது.

கேன்டீன் நடத்துவதில் பெரிய சிக்கல் தலைக்கணக்கு. ஏ ஷிப்டில் எத்தனை பேர், சி ஷிப்டில் எத்தனை பேர் என்று தெரியாமல் உலை வைக்க முடியாது. குறைந்தால் சண்டை, மிஞ்சினால் நஷ்டம். இதற்குத்தான் டோக்கன். முன்கூட்டியே டோக்கன் விற்றுவிட்டால் சமையல்காரருக்கு அரிசி எத்தனை படி என்று தெரிந்துவிடும். மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம், வீணாவதும் குறையும். பித்தளை வில்லை, அச்சடித்த கூப்பன் என்று மாறி, பல இடங்களில் இப்போது அடையாள அட்டையைத் தேய்த்தால் சம்பளத்தில் பிடித்தம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆக, முன்பணம் என்பது ஏமாற்று வேலை அல்ல. அதனால் விலை உண்மையிலேயே குறைகிறது. அந்தக் குறைவில் சாப்பிடுகிறவனுக்கு எவ்வளவு பங்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். மாதம் 26 வேலை நாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பணம் 1,040 ரூபாய், அதாவது ஒரு வேளைக்கு 40 ரூபாய். அதே சாப்பாடு வெளியே மெஸ்ஸில் 60 ரூபாய். எல்லா நாளும் சாப்பிட்டால் மாதம் 520 ரூபாய் லாபம்.

ஆனால் எல்லா நாளும் யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு நாள் லீவு, ஒரு நாள் விரதம், ஒரு நாள் வீட்டில் இருந்து டிபன் பாக்ஸ், ஒரு நாள் வயிறு சரியில்லை. 18 வேளை சாப்பிட்டால் வெளியே ஆகும் செலவு 1,080 ரூபாய். லாபம் வெறும் 40 ரூபாய். 17 வேளைதான் என்றால் 20 ரூபாய் நஷ்டம். 26-ல் 9 வேளை தவறினால் மலிவான சாப்பாடு விலை கூடிய சாப்பாடாகிவிடுகிறது. ஆனால் கணக்குப் போடும் நேரத்தில் எல்லோரும் '26 நாளும் சாப்பிடுவேன்' என்றுதான் நினைக்கிறார்கள். விற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

இதே கணக்கில் ஒரே ஒரு விதியை மாற்றிப் பார்த்தால் போதும். முந்தைய நாளே சொல்லிவிட்டால் அந்த வேளைக்குக் காசு பிடிக்க மாட்டோம் என்று வைத்துவிட்டால் நஷ்டம் என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் இருக்கும் 'டிவைடிங் சிஸ்டம்' மெஸ் இந்த வகைதான். மாதச் செலவு மொத்தத்தையும் எல்லோரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, அவரவர் நாட்களுக்கு ஏற்ப பில் போடுவார்கள். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் குறைப்பு உண்டு. லாபமும் நஷ்டமும் சாப்பிடுகிறவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது, வெளியே யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

அத்திப்பள்ளியைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே இதே பிரச்சினைக்கு இன்னொரு தீர்வு வந்தது. 1997-ல் இந்தியாவுக்கு வந்த சோடெக்ஸோவின் சாப்பாட்டுக் கூப்பன்கள் 2000-களில் ஐடி ஊழியர்களின் பர்ஸில் பணத்தோடு பணமாக இருந்தன. ஒரு வேளைக்கு 50 ரூபாய் வரை வரி இல்லை என்ற சலுகை இதற்கு உரம் போட்டது. கேன்டீனில் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓட்டலில் கொடுக்கலாம், சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். 2017-க்குப் பிறகு தாள் கூப்பன் மறைந்து அட்டை வந்தது. இன்று சாப்பிடாவிட்டால் அந்தக் கூப்பன் நாளைக்கும் பர்ஸில் இருக்கும். சாப்பிடாத சாப்பாடு இங்கே ஊழியருக்கே சொந்தம்.

ஐந்து பத்து மைல் தூரத்தில் இரண்டு உலகம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்குக் கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. லேத் மெஷின் முன்னால் நிற்பவருக்கு ஒரே கேன்டீன், அரை மணி நேர இடைவேளை.

அந்த ஒரே கேன்டீனும் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. யூனியன் உள்ள ஆலையில் நிரந்தரத் தொழிலாளிக்குக் கேன்டீன் விலை என்பது சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வரும் விஷயம். காண்டிராக்ட் தொழிலாளிக்கு அப்படிப்பட்ட பேரம் பேசும் பலம் குறைவு. 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. ஆனால் சட்டத்தில் இருப்பது தட்டுக்கு வர, கேட்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா?

கேட்பதற்கு ஆள் இல்லாதபோது

2021 டிசம்பரில் நடந்தது இதற்கு உதாரணம். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டால் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் பதறிய ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்கள் ஏழை எளிய கிராமத்துக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். தங்கும் இடம், பேருந்து, சாப்பாடு எல்லாம் வேலையோடு சேர்ந்தே வந்தது. ரிசார்ட் பேக்கேஜ் மாதிரிதான்! ஒரே வித்தியாசம், ரிசார்ட்டில் சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியே போகலாம், அடுத்த முறை வராமல் இருக்கலாம். சாப்பாடு சரியில்லை என்பதற்காக வேலையை விட முடியுமா? வெளியேற வழி இல்லாத இடத்தில் தரம் குறைந்தால், குரல் கொடுப்பது ஒன்றுதான் மிச்சம். அந்தக் குரலை உள்ளே கேட்க குழு இருந்திருந்தால் அது நெடுஞ்சாலை வரை வந்திருக்குமா?

அதே நெடுஞ்சாலைதான் மேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிறது. அதன் இரு பக்கமும் இன்று மின்னணுப் பொருள், மின்சார வாகன ஆலைகள் எழுந்து நிற்கின்றன. விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களின் எண்ணிக்கை இங்கேயும் பெருகிவிட்டது. அவர்களுடைய மூன்று வேளையும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட சாப்பாடுதான்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு, கேன்டீன் கட்டாயமாகும் எண்ணிக்கையை 250-ல் இருந்து 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். சிறிய ஆலைகள் நிறைந்த ஓசூருக்கு இது பெரிய மாற்றம். கேன்டீன்கள் கூடும். ஆனால் கேன்டீன் வந்தால் மட்டும் போதாது, அதன் கணக்கும் குழுவும் சேர்ந்து வர வேண்டும்.

கடைசியில் லாபமா, நஷ்டமா?

இத்தனை ஆண்டு வரலாற்றில் இருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

ஒன்று, சாப்பிடாவிட்டால் காசு திரும்புமா, அல்லது அடுத்த நாளைக்கு நகருமா? இரண்டு, சாப்பாடு சரியில்லை என்றால் வேறு இடத்துக்குப் போக முடியுமா? மூன்று, போக முடியாது என்றால் கேள்வி கேட்கவும் கணக்குப் பார்க்கவும் உரிமை உண்டா?

மூன்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் முன்பணம் பெரும்பாலும் லாபம்தான். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது காசு கொடுத்துத் தேளைக் கொட்ட விட்டுக்கொள்வது போலத்தான்.

பிடதிக்குப் போகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு தவறினால் சில நூறு ரூபாய் போகும். சிரித்துவிட்டு வேனில் ஏறிவிடலாம். சி ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அது தினம் மூன்று வேளை. அதனால்தான் 1948-ன் சட்டம் ரிசார்ட்டைக் கேட்காத கணக்கை ஆலையிடம் கேட்டது. டோக்கனில் ஒரு வேளைச் சாப்பாடு என்று மட்டும்தான் அச்சடித்திருக்கும். அதை வாங்கியவருக்கு அந்தக் கேன்டீன் குழுவில் ஓர் ஓட்டும் இருக்கிறது என்பதையும் யாராவது சொல்லித்தர வேண்டும்.